பெரட்டுக் களமும் கணினிக் கொத்தணியும்

முன்னுரை

கோலசிலாங்கூர் மாவட்டத்தில் தென்னமரம் என்னும் பெயருடைய தோட்டம் ஒன்று உண்டு. துரைமார் தம் ஊர்ப் பெயர்களையும் குழுமப் பெயர்களையும் தோட்டங்களுக்குச் சூட்டிய காலத்தில், இத்தோட்டம் தமிழ்ச்சொல் ஒன்றைப் பெயராகத் தாங்கியது. பிரெஞ்சு நாட்டவரான ஆன்றி ஃபோகோனியே 1917ஆம் ஆண்டில் இங்குச் செம்பனையைப் பயிரிட்டார். இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் இதுவே என்பது வேளாண் வரலாறு. மலாயா வாழ்வைப் பொருளாகக் கொண்டு அவர் எழுதிய புதினம் 1930ஆம் ஆண்டில் பிரான்சின் கொன்கூர் பரிசைப் பெற்றது. அத்தோட்டத்தில் நாள்தோறும் உழைத்தோரின் பெயர்களோ கிராணியின் பேரேட்டோடு மறைந்தன. அவர்தம் மொழி தோட்டத்தின் பெயரில் எஞ்சி நிற்கிறது.

பத்தாங் பெர்ஜுந்தை என நெடுங்காலம் வழங்கி, இப்போது பெஸ்தாரி ஜெயா எனப்படும் அதே வட்டாரத்தில் சிலாங்கூர் பல்கலைக்கழகத்தின் வளாகம் எழுந்துள்ளது. செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் ஓடும் சாலையிலேயே கணினி பயிலும் மாணவர்களும் சென்று வருகின்றனர். இவ்விரு காட்சிகளுக்கும் நடுவே நின்று, கடையில் விற்கும் சாதாரணக் கணினிகளை ஒன்றுசேர்த்துப் பேராற்றல் பெறும் கலையின் வரலாற்றை இவ்வுரையில் காண்போம். தோட்டப்புறத் தமிழர்க்கு இவ்வரலாறு முற்றிலும் அயலானதன்று என்பதும், இதிலிருந்து நம் பள்ளிகள் கொள்ளத்தக்க பாடம் ஒன்று உண்டு என்பதும் நம் துணிபு.

சொல்லும் பொருளும்

பல கணினிகளை வலையால் பிணைத்து, ஒரே பணியைப் பகிர்ந்து செய்யுமாறு அமைத்த தொகுதியைக் 'கிளஸ்டர்' என்பர். இதற்குத் தமிழில் 'கொத்து', 'திரள்', 'கொத்தணி' எனப் பல சொற்கள் வழங்குகின்றன. பெருந்தொற்றுக் காலத்தில் இலங்கைத் தமிழ் இதழ்கள் நோய்த்தொற்றின் தொகுதிகளைக் 'கொத்தணி' என்றே எழுதின. நாமும் அச்சொல்லையே ஆள்கிறோம். சாவிக்கொத்து, பூங்கொத்து என்பவற்றில் பொருள்கள் சேர்ந்திருக்கின்றன. அவற்றுக்குள் பணி ஒழுங்கு எதுவுமில்லை. 'அணி' என்பது சேரும்போது வரிசையும் ஒழுங்கும் பொருளில் புகுகின்றன. கணினிகளைச் சேர்த்து வைப்பதினும் அவற்றை ஒழுங்குபடுத்துவதே அரிது என்பதை இச்சொல் தன் அமைப்பிலேயே உணர்த்துகிறது.

கொத்தணியின் உறுப்பாகிய தனிக்கணினியைக் 'கணு' என்கிறோம். கரும்பும் மூங்கிலும் கணுக்களால் வளர்வன. வேலையைப் பிரித்துக் கொடுத்து, விடைகளைத் திரட்டும் கணினி 'தலைக்கணு' ஆகும். கணுக்களை இணைப்பது அலுவலகங்களில் நாம் காணும் ஈதர்நெட் கம்பியும் சுவிட்ச்சுமே. ஒவ்வொரு கணுவிலும் பெரும்பாலும் லினக்ஸ் இயங்குதளம் இருக்கும். ஒரு கணு மற்றொன்றுக்குச் செய்தி அனுப்பும் முறையை எம்.பி.ஐ. என்னும் பொது விதிமுறை வகுக்கிறது. அதன் முதல் வடிவம் 1994இல் வெளிவந்தது. கொத்தணிக்கு வேண்டிய இன்றியமையாப் பொருள்கள் இவ்வளவே.

பெரட்டுக் களம்

இவ்வமைப்பை மாணவர்க்கு விளக்க நம் மண்ணிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. இரப்பர்த் தோட்டத்தில் விடியுமுன் மணியோசை கேட்டதும் ஆண்களும் பெண்களும் பெரட்டுக் களத்தில் கூடுவர். 'பரேட்' என்னும் ஆங்கிலச் சொல்லே தோட்டத் தமிழில் 'பெரட்டு' ஆயிற்று. கங்காணி ஆள்களை எண்ணுவார்; கிராணி பெயர்களைப் பதிவார். எவர் எந்த நிரைக்குச் செல்லவேண்டும் என்பது அங்கேயே முடிவாகும். வராதவரின் மரங்களை வந்தவர்க்குப் பிரித்துக் கொடுப்பதும் உண்டு. பின்னர் ஒவ்வொருவரும் தம் பங்காகிய 400, 500 மரங்களைத் தனித்தனியே வெட்டுவர். ஒருவர் வெட்டு முடியும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டியதில்லை. நூறு பேர் ஒரே பொழுதில் உழைப்பதால் ஒருவரால் நூறு நாளில் முடியும் வேலை ஒரு காலையில் முடிகிறது.

கணிப்பொறியாளர் இதனை இணைநிலைக் கணிப்பு என்பர். பெரிய கணக்கு ஒன்றைத் தனித்தனிப் பங்குகளாகப் பிரித்து, கணுவுக்கு ஒரு பங்காகக் கொடுப்பதே அதன் சாரம்.

ஆனால் இம்முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. அதனையும் தோட்டமே காட்டுகிறது. பால் வெட்டி முடிந்தபின் எல்லாரும் வாளி சுமந்து பால் கொட்டகைக்கு வருவர். அங்கே நிறுக்கும் தராசு ஒன்று; எழுதும் கிராணி ஒருவர். ஆள்களை நூற்றிலிருந்து இருநூறாக்கினால் வெட்டும் நேரம் பாதியாகலாம். நிறுக்கும் வரிசையோ சிறிதும் குறையாது. 1967ஆம் ஆண்டில் ஜீன் அம்டால் என்னும் கணினி வல்லுநர் இவ்வுண்மையைக் கணினிக்குப் பொருத்திக் காட்டினார். ஒரு பணியில் இருபதில் ஒரு கூறு பிரிக்கமுடியாததாய் இருந்தால், ஆயிரம் கணுக்களைச் சேர்த்தாலும் அப்பணி இருபது மடங்குக்குமேல் விரைவாகாது. கொத்தணி அமைப்போர் முதலில் கேட்கவேண்டிய வினா, 'எத்தனை கணினி வாங்கலாம்' என்பதன்று. 'இவ்வேலையில் தராசு எங்கே இருக்கிறது' என்பதே.

முப்பது பேர் வலிமை

முற்காலத்தில் மீக்கணினி என்பது அரசுகளும் பெரும் ஆய்வுக்கூடங்களும் மட்டுமே வாங்கக்கூடிய பொருளாய் இருந்தது. 1976இல் வெளிவந்த கிரே-1 கணினியின் விலை ஏறத்தாழ 80 இலட்சம் அமெரிக்க டாலர். அதன் உறுப்புகள் அதற்கென்றே வடிக்கப்பட்டவை. பழுது நேர்ந்தால் செய்தவரே வந்து சீர்செய்யவேண்டும்.

இந்நிலையை மாற்றிய முயற்சி 1994ஆம் ஆண்டில் நாசாவின் கொடார்டு விண்வெளி மையத்தில் நிகழ்ந்தது. தாமஸ் ஸ்டெர்லிங், டொனால்டு பெக்கர் என்னும் இருவர், இன்டெல் 486 வகைச் செயலிகள் கொண்ட 16 கணினிகளை ஈதர்நெட்டால் இணைத்து, லினக்ஸை இயக்கினர். லினக்ஸுக்கான ஈதர்நெட் இயக்கிகள் பலவற்றைப் பெக்கரே எழுதியிருந்தார். தொகுதிக்குப் 'பேவுல்ஃப்' எனப் பெயரிட்டனர். பழைய ஆங்கிலக் காப்பியத்தின் தலைவன் பெயர் அது; அவன் ஒரு கைப்பிடியில் முப்பது பேரின் வலிமை இருந்ததாக அக்காப்பியம் கூறும். இப்பெயர் பின்னர் அவ்வகைக் கொத்தணிகள் அனைத்துக்கும் பொதுப்பெயராயிற்று.

இரண்டே ஆண்டுகளில் பயன் தெரிந்தது. 1996இல் லாஸ் அலமோஸில் 'லோகி', கலிஃபோர்னியாவில் 'ஹைக்லாக்' என்னும் இரு கொத்தணிகள் எழுந்தன. ஒவ்வொன்றிலும் 16 பென்டியம் புரோ செயலிகள். ஒவ்வொன்றின் செலவும் ஏறத்தாழ 50,000 டாலர். நொடிக்கு நூறு கோடிக்கும் மேற்பட்ட கணக்கீடுகளை அவை செய்துகாட்டின. விலைக்கேற்ற ஆற்றலுக்கான கார்டன் பெல் பரிசு 1997இல் அவற்றை அடைந்தது.

ஆசிரியர்கள் தவறாமல் அறியவேண்டிய நிகழ்ச்சி ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தில் நடந்தது. வில்லியம் ஹார்குரோவ், ஃபாரஸ்ட் ஹாஃப்மன் என்னும் ஆய்வாளர்கள் சூழல் இயல்புகளைக் கொண்டு அமெரிக்காவின் சூழல் மண்டலங்களை வரைய விரும்பினர். நிலப்பரப்பை ஒரு சதுர கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்தபோது 78 இலட்சம் கட்டங்கள் வந்தன. கட்டம் ஒவ்வொன்றுக்கும் 25 இயல்புகள். கொத்தணி வாங்கக் கேட்ட நிதி கிடைக்கவில்லை. அவர்கள் மனம் தளராமல், அலுவலகங்கள் ஒதுக்கிய பழைய கணினிகளைத் திரட்டி 1997இல் கொத்தணி அமைக்கத் தொடங்கினர். காலப்போக்கில் நூற்றுக்கும் மேற்பட்ட கணுக்கள் சேர்ந்தன. ஊரார் ஆளுக்கொரு பொருள் இட்டுக் கல்லிலிருந்து கஞ்சி காய்ச்சிய மேனாட்டுக் கதையின் பெயரை அதற்குச் சூட்டினர். கழித்த கணினிகளால் ஆன அக்கொத்தணி 1,000 சூழல் மண்டலங்களைக் கொண்ட நிலப்படத்தை வரைந்து தந்தது.

2003ஆம் ஆண்டில் வர்ஜீனியா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சிறீநிதி வரதராசன் தலைமையில் 1,100 ஆப்பிள் மேசைக்கணினிகள் இணைக்கப்பட்டன. மாணவர்களே தொண்டாற்றி அவற்றை அடுக்கினர். அவ்வாண்டு நவம்பரில் உலகின் விரைவுமிக்க கணினிகளின் பட்டியலில் அது மூன்றாம் இடம் பெற்றது. இன்று நிலை இன்னும் தெளிவு. 2017 நவம்பர் முதல் அப்பட்டியலின் 500 இடங்களிலும் உள்ள கணினிகள் யாவும் லினக்ஸையே இயக்குகின்றன.

தரமணியின் கப்ரு

தமிழ் நிலத்திலும் இவ்வரலாற்றின் ஏடு ஒன்று உண்டு. 1980களில் இந்தியா உயர்தர மீக்கணினி வாங்க முயன்றபோது அமெரிக்கா கட்டுப்பாடு விதித்தது. அதன் விளைவாக 1988இல் புனே நகரில் சி-டாக் நிறுவனம் தோன்றியது; விஜய் பட்கர் தலைமையில் 1991இல் பரம் 8000 உருவாயிற்று. மறுக்கப்பட்டதைத் தாமே செய்துகொள்ளும் துணிவு அங்கே பிறந்தது.

அத்துணிவின் மற்றொரு வடிவத்தைச் சென்னைத் தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் காண்கிறோம். அல்லாடி இராமகிருஷ்ணன் முயற்சியால் 1962இல் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. அணுக்கருவின் உள்ளே குவார்க்குகளைப் பிணைக்கும் விசையைக் கணக்கிட, அங்குள்ள இயற்பியலார்க்குப் பெருங்கணிப்பாற்றல் வேண்டியிருந்தது. ஹரிதாஸ் தலைமையில், இரட்டைச் சியான் செயலிகள் கொண்ட 144 கணுக்களை இணைத்துக் 'கப்ரு' என்னும் கொத்தணியை அமைத்தனர். இமயமலைச் சிகரம் ஒன்றின் பெயர் அது. கணுக்கள் முப்பரிமாண வலையாகப் பின்னப்பட்டிருந்தன. ஒவ்வொரு கணுவும் தன் அண்டைக் கணுக்களோடு நேரே பேசும். நொடிக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் கோடி கணக்கீடுகள் செய்த அக்கொத்தணி, 2004இல் உலகின் முதல் 500 கணினிகளின் பட்டியலில் இடம்பெற்றது. அதனை இயக்கியதும் லினக்ஸே. கோட்பாட்டு இயற்பியலார், தமக்கு வேண்டிய கருவியைச் சந்தையில் கிடைக்கும் உறுப்புகளிலிருந்து தாமே ஆக்கிக்கொண்டனர் என்பதே இங்கு நாம் குறித்துக்கொள்ளத்தக்கது.

பேரேடும் மூல நிரலும்

இவ்வரலாற்றின் நடுநாடி எது என்று வினவினால், விலைமலிந்த செயலிகள் என்று பலர் விடையிறுப்பர். அது பாதி உண்மை. செயலி மலிந்தாலும், கணினிக்கு ஓர் இயங்குதள உரிமம் எனப் பணம் கட்டவேண்டியிருப்பின் நூறு கணுக்களுக்கு நூறு உரிமம் வேண்டும். அதனினும் பெரிய தடை, உள்ளே நடப்பது தெரியாமை. ஈதர்நெட் இயக்கியின் மூல நிரலை எழுதவும் திருத்தவும் பெக்கருக்கு இயன்றதால்தான் பேவுல்ஃப் பிறந்தது. 1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டமும், 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸும் அவ்வாய்ப்பைத் தந்தன. நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம் என்பது அவற்றின் உரிமத்தில் எழுதப்பட்ட நெறி.

இங்கேதான் தோட்டமும் கொத்தணியும் வழிபிரிகின்றன. பெரட்டுக் களத்தில் வேலை பகிரப்பட்டது, அறிவு பகிரப்படவில்லை. தாம் வெட்டிய பால் எந்த விலைக்குப் போகிறது, எந்த நிரை ஏன் தமக்கு ஒதுக்கப்பட்டது, நிறையில் கழித்தது எவ்வளவு என்பனவெல்லாம் பேரேட்டில் இருந்தன. பேரேடு தொழிலாளியின் மொழியில் இல்லை. அவர் கைக்கும் எட்டவில்லை. ஆற்றலைப் பிரித்துப் பயன்கொண்ட ஓர் அமைப்பு, முழுமையைக் காணும் உரிமையை மேலிருந்தோர்க்கே வைத்துக்கொண்டது. மூல நிரல் திறந்திருக்கும் கொத்தணியிலோ கடைசிக் கணுவின் முன் அமர்ந்திருக்கும் மாணவனும் முழு ஏட்டையும் புரட்டிப் பார்க்கலாம். தோட்டத்தில் பிறந்தவர்க்கு இவ்வேறுபாட்டின் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை.

தமிழர் இந்நெறியில் ஏற்கெனவே நடந்திருக்கின்றனர். 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கல்யாணசுந்தரம் தலைமையில் மதுரைத் திட்டம் தொடங்கிற்று. பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் தமிழ் நூல்களைப் பங்கிட்டுத் தட்டச்சு செய்தனர்; வேறு சிலர் மெய்ப்புப் பார்த்தனர்; எவரும் இலவசமாகப் பெறுமாறு அவை வெளியிடப்பட்டன. அது மனிதர்களால் ஆன கொத்தணி. 2000ஆம் ஆண்டு வாக்கில் லினக்ஸின் கே.டி.இ. திரைமுகப்பும் தன்னார்வலரால் தமிழாக்கம் பெற்றது. 2001 ஆகஸ்டில் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் கூடியது. 2004இல் மலேசிய அரசே பொதுத்துறைக்கான திறமூல மென்பொருள் பெருந்திட்டத்தை வெளியிட்டது.

நாம் கண்ட பிழை

நம் பட்டறிவில் ஒன்றை இங்குக் கூறுதல் தகும். 1980களில் கோலசிலாங்கூர், உலு சிலாங்கூர் தோட்டங்களில் பேச்சு வழக்கைத் திரட்டச் சென்றோம். லயத்து வாசலில் அமர்ந்து முதியோர் பேச்சை ஒலிநாடாவில் பதிந்தோம். சொற்களை அட்டைகளில் எழுதி ரொட்டி டின்களில் அடுக்கினோம். அட்டைகள் ஆயிரக்கணக்கில் பெருகவே, நண்பர் நால்வர் அவற்றைப் பங்கிட்டு, அவரவர் வீட்டில் வகைப்படுத்தி, முடிவில் ஒன்றுசேர்த்தோம். வேலை விரைவாக முடிந்தது என்று மகிழ்ந்தோம். பின்னர்ப் பார்த்தால் 'பெரட்டு', 'பிரட்டு', 'பெரட்டுக்களம்' ஆகியன மூன்று வேறு சொற்களாக எண்ணப்பட்டிருந்தன. ஒருவர் ஒலித்தபடி எழுதியிருந்தார். ஒருவர் திருத்தி எழுதியிருந்தார். ஒருவர் சொற்சேர்க்கையைப் பிரிக்காமல் விட்டிருந்தார். பங்கிடுமுன் எழுத்து முறையை உடன்பட்டு வகுக்காதது நம் தவறு. மூன்று மாத உழைப்பை மீண்டும் செய்தோம்.

எம்.பி.ஐ. போன்ற விதிமுறைகள் எதற்கு என்று மாணவர் கேட்கும்போதெல்லாம் அந்த ரொட்டி டின்களே நினைவுக்கு வருகின்றன. பகிர்வதற்கு முன் உடன்பாடு வேண்டும். கணினிக்கும் அது பொருந்தும், மனிதர்க்கும் பொருந்தும்.

அந்த ஒலிநாடாக்கள் இன்று நலிந்து வருகின்றன. அதில் பேசியோர் பெரும்பாலும் மறைந்துவிட்டனர். தோட்டங்கள் பல வீட்டுமனைகளாயின. மக்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தனர். 'ஆயாக்கொட்டகை' என்றால் என்ன என்று அறியாத தலைமுறை தமிழ்ப்பள்ளியிலேயே அமர்ந்திருக்கிறது. நூறாண்டுக்கு மேல் ஒரு மக்கள் பேசிய மொழி, எழுத்தில் ஏறாமலே அவிந்துபோகும் நிலை இது.

பள்ளிகள் செய்யக்கூடுவது

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், 7 வயது முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப்பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. அவ்வாறு எழுந்த சிறு பள்ளிகளே இன்றைய தமிழ்ப்பள்ளிகள் பலவற்றுக்கு வேர். அவற்றின் கணினி அறைகளில், புதியன வந்தபின் ஒதுக்கிய பழைய கணினிகள் தூசி படிந்து கிடப்பதுண்டு. அவற்றில் எட்டைச் சுவிட்ச்சால் இணைத்து லினக்ஸ் நிறுவ ஆசிரியர் ஒருவரும் மாணவர் சிலரும் சில வார இறுதிகளில் கற்றுக்கொள்ளலாம். 2012இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் 64 ராஸ்பெரி பை சிறுகணினிகளை இணைத்தபோது, பேராசிரியரின் ஆறு வயது மகன் லெகோ கட்டைகளால் அவற்றுக்கு அடுக்குச் செய்து கொடுத்தான்.

இதில் மிகைப்படுத்தல் கூடாது. பழைய கணினிகள் எட்டும் சேர்ந்து தரும் ஆற்றலை இன்றைய மடிக்கணினி ஒன்றே விஞ்சலாம். அவை மின்சாரத்தை மிகுதியாக உண்ணும், அறையைச் சூடாக்கும். மைசூரின் இந்திய மொழிகள் நடுவண் நிறுவனம் தொகுத்த ஏறத்தாழ 30 இலட்சம் தமிழ்ச்சொற்களை எண்ணக் கொத்தணியே வேண்டியதில்லை. எனினும் ஒரு மடிக்கணினி கற்பிக்காத பாடம் ஒன்றை அக்கொத்தணி கற்பிக்கும். வேலையைப் பிரிப்பது எப்படி, உடன்பாடு காண்பது எப்படி, ஒரு கணு வீழ்ந்தால் மற்றவை தாங்குவது எப்படி, தராசு எங்கே தடுக்கிறது என்பவற்றை மாணவர் கையாலேயே அறிவர். பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் பெருங்கணிப்புகளுக்கு இவர்கள் பின்னாளில் செல்லும்போது, அளவு மாறும், நெறி மாறாது.

கருவியோடு தரவும் வேண்டும். மொசில்லா நிறுவனத்தின் காமன் வாய்ஸ் திட்டத்தில் தன்னார்வலர் தம் குரலை வழங்குகின்றனர். தமிழும் அதில் உண்டு. அதுபோல் புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம், பெஸ்தாரி ஜெயா, களும்பாங் வட்டாரங்களின் பள்ளிகள் ஒவ்வொன்றும் ஒரு கணுவாகலாம். மாணவர் தம் பாட்டி, தாத்தாவின் பேச்சை அவர்தம் இசைவுடன் பதியட்டும்; வகுத்துக்கொண்ட ஒரே எழுத்து முறையில் எழுதட்டும்; ஒருவர் எழுதியதை மற்றொரு பள்ளி மெய்ப்புப் பார்க்கட்டும். எழுத்து முறையை முதலில் வகுக்கும் பொறுப்பை ஆசிரியர் ஏற்கவேண்டும். நாம் பட்ட பிழையை அவர்கள் மீண்டும் படவேண்டியதில்லை.

முடிவுரை

பெருங்கணினியை வாங்க இயலாதோர் சிறுகணினிகளைச் சேர்த்தனர். நிதி மறுக்கப்பட்டோர் கழித்தவற்றைத் திரட்டினர். கருவி மறுக்கப்பட்ட நாடு தானே ஆக்கிக்கொண்டது. கொத்தணியின் வரலாறு இம்மூன்றும் சேர்ந்தது. எளியன பல சேர்ந்தால் வலிமை பிறக்கும் என்பதை நம் முன்னோர் தம் உடலால் மெய்ப்பித்தனர். அவ்வலிமையின் கணக்கு அவர்கள் கையில் இருந்ததில்லை. இத்தலைமுறை மாணவர்க்கு மூல நிரல் திறந்து கிடக்கிறது. தென்னமரத் தோட்டத்துப் பேரனும் பேத்தியும் அதனைப் படிக்கக் கற்றுக்கொண்டு, தம் பாட்டியின் சொற்களை அதில் ஏற்றி வைப்பார்களாயின், பேரேடு முதன்முறையாக அக்குடும்பத்தின் கைக்கு வந்து சேரும்.